இயந்திரத் தட்டலும் ஈயப் பெட்ரோலும்

இயந்திரத் தட்டல் என்பது பெட்ரோல் எஞ்சினின் சிலிண்டருக்குள் எரிபொருள் கலவையின் ஒரு பகுதி, தீச்சுடர் வந்து சேரும் முன்பே தானாகத் தீப்பற்றி வெடிப்பதால் உண்டாகும் கோளாறு ஆகும். ஆங்கிலத்தில் 'நாக்கிங்' எனப்படும் இதை நம் ஊர்ப் பட்டறைகளிலும் அப்பெயராலேயே அழைக்கின்றனர். மேட்டில் ஏறும்போதோ, ஆக்சிலரேட்டரை அழுத்தி முன்செல்லும் வண்டியைத் தாண்ட முயலும்போதோ, எஞ்சினுக்குள் சிறு சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை கேட்கும், வண்டி இழுக்காது, பிக்கப் குறையும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார் ஓட்டியவர்கள் அனைவரும் அறிந்திருந்த இந்தச் சிறு தொல்லைக்குத் தேடிய தீர்வு, பின்னர் உலகெங்கும் காற்றிலும் மண்ணிலும் குழந்தைகளின் இரத்தத்திலும் ஈயம் கலக்கக் காரணமாயிற்று.

கோளாறின் தன்மை

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்த கலவையைப் பிஸ்டன் அழுத்துகிறது. அழுத்தம் உச்சத்தை நெருங்கும் நேரத்தில் ஸ்பார்க் பிளக் பொறியை உண்டாக்குகிறது. பொறி விழுந்த இடத்திலிருந்து தீச்சுடர் சிலிண்டர் முழுவதும் சீராகப் பரவ வேண்டும். சுடர் பரவும்போது அதற்கு முன்னால் உள்ள, இன்னும் எரியாத கலவை மேலும் நெருக்கப்பட்டுச் சூடாகிறது. அந்தச் சூடு ஓர் எல்லையைத் தாண்டினால் சுடருக்குக் காத்திராமல் அக்கலவை ஒரே நொடியில் வெடித்துவிடும். அப்போது எழும் அழுத்த அலைகள் சிலிண்டர் சுவரில் மோதுவதே நமக்குக் கேட்கும் ஓசை. பிஸ்டனைத் தள்ளப் பயன்பட வேண்டிய ஆற்றலில் ஒரு பகுதி உலோகத்தைச் சூடாக்குவதிலேயே வீணாகிறது. தொடர்ந்து தட்டினால் பிஸ்டன் ஓட்டையாகிவிடுவதும் உண்டு.

ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் இது ஏன் மிகுதியாகிறது? கார்புரேட்டரின் கதவு முழுவதும் திறந்தால் சிலிண்டருக்குள் அதிகக் கலவை புகும். கலவை மிகுந்தால் அழுத்தமும் வெப்பமும் கூடும். எஞ்சின் தன் முழு வலிமையைக் காட்ட வேண்டிய அதே வேளையில்தான் இந்தக் கோளாறும் தலைகாட்டுகிறது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. கலவையை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு ஆற்றல் கிடைக்கும் என்பது பொறியாளர்களுக்கு நன்கு தெரிந்திருந்தது. ஆனால் அழுத்த விகிதத்தைக் கூட்டினால் தட்டல் வந்துவிடும். ஆகவே அக்காலக் கார்கள் ஏறத்தாழ 4 மடங்கு அழுத்தத்தோடு நின்றுவிட்டன. இன்றைய கார்களில் இது 10 மடங்குக்கும் மேல்.

1908இல் வெளிவந்த ஃபோர்டு 'டி' மாதிரிக் காரில் ஸ்டியரிங்கின் இருபுறமும் இரண்டு நெம்புகோல்கள் உண்டு. வலப்பக்க நெம்புகோல் வேகத்தைக் கூட்டுவதற்கு. இடப்பக்கம் உள்ளது பொறி விழும் நேரத்தை முன்பின்னாக மாற்றுவதற்கு. மேட்டில் தட்டல் கேட்டவுடன் ஓட்டுநர் இடப்பக்க நெம்புகோலைத் தள்ளிப் பொறியைச் சற்றுத் தாமதப்படுத்துவார். ஓசை நின்றுவிடும், ஆனால் இழுவையும் குறைந்துவிடும். நோயைத் தீர்க்காமல் முனகலை மட்டும் நிறுத்தும் மருத்துவம் அது.

பழி யார் மேல்?

முதல் உலகப் போர்க் காலத்தில் கார்களின் எண்ணிக்கை பெருகியது. பெட்ரோல் தேவையைச் சமாளிக்கச் சுத்திகரிப்பு ஆலைகள் எளிதில் ஆவியாகாத கனமான பகுதிகளையும் பெட்ரோலில் சேர்க்கத் தொடங்கின. தட்டல் முன்னைவிட அதிகமானது. பெட்ரோல் விற்றவர்கள் எஞ்சினைக் குறை கூறினர். எஞ்சின் செய்தவர்கள் பெட்ரோலைக் குறை கூறினர்.

இந்தப் பழிச்சொல்லில் அகப்பட்டவர்களுள் ஒருவர் சார்லஸ் கெட்டரிங். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் 1876இல் பிறந்த இவர், 1909இல் டேட்டன் நகரில் டெல்கோ நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். கைப்பிடியைச் சுற்றாமலேயே எஞ்சினை இயக்கும் மின் ஸ்டார்ட்டரை உருவாக்கியவர். 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் அது இடம்பெற்றது. பேட்டரியால் இயங்கும் அவருடைய பொறிமூட்டு அமைப்பே தட்டலுக்குக் காரணம் என்று போட்டியாளர்கள் சொல்லிவந்தனர். போதாக்குறைக்கு, பண்ணை வீடுகளின் விளக்குகளுக்காக அவர் தயாரித்து விற்ற சிறிய மின்னாக்கி மண்ணெண்ணெயில் ஓடியது. மண்ணெண்ணெயில் தட்டல் பெட்ரோலைவிடக் கடுமை. கெட்டரிங்குக்கு இது மானப் பிரச்சினையாகவே ஆகிவிட்டது.

1916இல் அவரிடம் வேலைக்குச் சேர்ந்த தாமஸ் மிட்ஜ்லி என்ற இளைஞரிடம் இந்தச் சிக்கல் ஒப்படைக்கப்பட்டது. 1889இல் பிறந்த மிட்ஜ்லி, கார்னெல் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தவர். வேதியியலில் அவருக்கு முறையான பயிற்சி கிடையாது.

அவர் முதலில் செய்த வேலை சரியான வேலை. மருந்து தேடும் முன் நோயைப் பார்த்தார். சிலிண்டருக்குள் அழுத்தம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை ஒளிக்கதிர் மூலம் படச்சுருளில் பதியும் கருவியை அமைத்தார். பொறி விழும் முன்பே கலவை தீப்பற்றிவிடுகிறது என்று அதுவரை பலர் நம்பினர். பதிவு வேறு கதை சொன்னது. பொறி விழுந்த பிறகு, எரிதல் பாதி நடந்தபின்னரே அழுத்தம் திடீரென்று செங்குத்தாக எகிறியது. ஆகவே குற்றம் பொறிமூட்டும் அமைப்பில் இல்லை, எரிபொருள் எரியும் விதத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ என்ற பொறியாளரும் ஏறத்தாழ இதே காலத்தில் இதே முடிவுக்குத் தனியாக வந்திருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

சிவப்பு நிறக் கொள்கை

அடுத்து நடந்தது அறிவியல் வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படும் கதை. அமெரிக்கக் காடுகளில் பனி முழுவதும் உருகும் முன்பே பூக்கும் ஒரு படர்செடி உண்டு. அதன் இலைகளின் அடிப்புறம் சிவப்பு. அந்தச் சிவப்பு வெப்பத்தை ஈர்ப்பதால்தான் அது முந்திப் பூக்கிறது என்று கெட்டரிங் எண்ணினார். எரிபொருளையும் சிவப்பாக்கினால் அது வெப்பத்தை ஈர்த்து விரைவில் ஆவியாகும், தட்டல் நிற்கும் என்பது அவருடைய ஊகம்.

1916 டிசம்பரில் மிட்ஜ்லி சிவப்புச் சாயம் தேடியபோது ஆய்வகத்தில் சாயம் இல்லை. எண்ணெயில் கரைந்து நிறம் தரும் அயோடின் கைக்குக் கிடைத்தது. அதைக் கலந்து ஓட்டினார், தட்டல் நின்றது. பின்னர் பல வகைச் சிவப்புச் சாயங்களை வாங்கிச் சோதித்தார். எதுவும் பயன் தரவில்லை. நிறமற்ற ஓர் அயோடின் சேர்மத்தைக் கலந்தபோதோ மீண்டும் தட்டல் நின்றது. நிறத்துக்கும் தட்டலுக்கும் தொடர்பே இல்லை என்பது தெளிவாயிற்று. மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊகம் தவறாக இருந்தும் சோதனை பலித்தது. பலித்த பிறகும் மிட்ஜ்லி நிற்காமல், அது ஏன் பலித்தது என்று எதிர்ச்சோதனை செய்தார். அந்த இரண்டாவது சோதனைதான் உண்மையான கண்டுபிடிப்பு.

அயோடின் விலை மிகுந்தது, உலோகத்தையும் அரிக்கும். ஆகவே தேடல் தொடர்ந்தது. தாமஸ் பாய்ட் என்ற வேதியியலாளரும் குழுவில் இணைந்தார். 1919இல் அனிலின் பயன் தருவது தெரிந்தது. ஆனால் நாற்றம் தாங்கவில்லை. 1921இல் செலினியம், டெலுரியம் சேர்மங்கள் இன்னும் வலிமையானவை என்று கண்டனர். டெலுரியத்தின் நாற்றமோ அனிலினை மிஞ்சியது. கெட்டுப்போன பூண்டை ஒத்த அந்த வாடை ஆய்வாளர்களின் உடலிலும் உடையிலும் ஒட்டிக்கொண்டு, குளித்தாலும் போகாமல் நாள்கணக்கில் நீடித்தது. வீட்டிலும் பொது இடங்களிலும் அவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது.

பிறகு கண்டதையெல்லாம் கலந்து பார்ப்பதை விட்டு, தனிம வரிசை அட்டவணையை முன்வைத்துக்கொண்டு தேடினர். எந்தத் தொகுதியில் கீழே போகப் போகப் பயன் கூடுகிறது என்று பார்த்தபோது, கார்பன் தொகுதியின் அடியில் ஈயம் நின்றது. 1921 டிசம்பர் 9 அன்று டெட்ரா எத்தில் ஈயம் என்ற நீர்மத்தை மிகச் சிறிதளவு எரிபொருளில் கலந்து சோதனை எஞ்சினை ஓட்டினர். தட்டல் அடியோடு நின்றது.

சாராயம் இருந்ததே

அன்று ஈயம் ஒன்றே வழியாக இருந்ததா என்றால், இல்லை. எரிசாராயம் எனப்படும் எத்தனாலைக் கலந்தால் தட்டல் குறையும் என்பது மிட்ஜ்லிக்கே தெரியும். அவரே எத்தனால் கலவைக்குக் காப்புரிமை விண்ணப்பம் செய்திருக்கிறார். 1921இல் 30 சதவீதம் சாராயம் கலந்த எரிபொருளில் ஓடும் காரைப் பொறியாளர் கூட்டம் ஒன்றில் காட்டியும் இருக்கிறார். ஆனால் பெட்ரோலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சாராயம் கலக்க வேண்டியிருந்தது. அவ்வளவு சாராயத்துக்குத் தானியம் போதுமா என்ற கேள்வி நியாயமானதே. அதே வேளையில், யார் வேண்டுமானாலும் காய்ச்சக்கூடிய சாராயத்தால் ஒரு நிறுவனம் தனியுரிமை பெற முடியாது. ஈயச் சேர்மத்தின் பயன்பாட்டுக்கோ காப்புரிமை கிடைக்கும். ஒரு கேலனுக்குச் சில கிராம் போதும். அதற்குள் கெட்டரிங்கின் ஆய்வகம் ஜெனரல் மோட்டார்சின் கைக்கு வந்திருந்தது. முடிவு எந்தப் பக்கம் சாயும் என்பதில் ஐயமே இருக்கவில்லை.

1923 பிப்ரவரி 2 அன்று டேட்டன் நகரின் ஒரு பெட்ரோல் நிலையத்தில் ஈயம் கலந்த பெட்ரோல் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. அவ்வாண்டு இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் முதல் மூன்று இடங்களைப் பிடித்த கார்கள் அதைப் பயன்படுத்தியிருந்தன. அதைவிடப் பெரிய விளம்பரம் தேவைப்படவில்லை. 1924 ஆகஸ்டில் ஜெனரல் மோட்டார்சும் நியூஜெர்சி ஸ்டாண்டர்டு ஆயிலும் சேர்ந்து எத்தில் கேசோலின் நிறுவனத்தைத் தொடங்கின. விற்பனைப் பெயர் 'எத்தில்'. ஈயம் என்ற சொல் அந்தப் பெயரில் இல்லை. அடையாளத்துக்காக அந்தப் பெட்ரோலுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றினார்கள். கெட்டரிங்கின் சிவப்பு எரிபொருள் ஒருவழியாக வந்து சேர்ந்தது.

1924: தொழிலாளர் மரணங்கள்

ஈயம் நஞ்சு என்பது புதிய செய்தி அன்று. உரோமானியர் காலத்திலிருந்தே ஈய நஞ்சேற்றம் அறியப்பட்டிருந்தது. அதிலும் டெட்ரா எத்தில் ஈயம் தோல் வழியாகவே உடலுக்குள் செல்லக்கூடியது. 1922 மார்ச்சிலேயே டூபான்ட் நிறுவனத் தலைமையினரின் கடிதப் போக்குவரத்தில் இது எழுதப்பட்டிருக்கிறது. 1923 தொடக்கத்தில் மிட்ஜ்லியே ஈய நஞ்சால் உடல் நலம் குன்றி ஃபுளோரிடாவுக்கு ஓய்வெடுக்கச் சென்றார்.

1924 அக்டோபரில் நியூஜெர்சியில் ஸ்டாண்டர்டு ஆயிலின் பேவே ஆலையில் டெட்ரா எத்தில் ஈயம் தயாரித்த தொழிலாளர்களுக்குச் சித்தப்பிரமை பிடித்தது. இல்லாத உருவங்களைக் கண்டு அலறினர். சிலரைக் கட்டிப்போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. ஐந்து பேர் இறந்தனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர். டேட்டனிலும், நியூஜெர்சியின் டீப்வாட்டரில் இருந்த டூபான்ட் ஆலையிலும் மரணங்கள் நிகழ்ந்திருந்தன. டீப்வாட்டர் தொழிலாளர்கள் தங்கள் ஆலைக் கட்டடத்தை 'வண்ணத்துப்பூச்சி வீடு' என்று அழைத்தார்களாம். நஞ்சேறியவர்கள் காற்றில் இல்லாத பூச்சிகளை விரட்டிக்கொண்டிருந்ததால் வந்த பெயர் அது.

அக்டோபர் 30 அன்று மிட்ஜ்லி செய்தியாளர்களை அழைத்தார். அவர்கள் கண்முன்னே டெட்ரா எத்தில் ஈயத்தைக் கையில் ஊற்றித் தேய்த்துக் காட்டினார். பாட்டிலை மூக்கருகே வைத்து ஒரு நிமிடம் முகர்ந்தார். நாள்தோறும் இப்படிச் செய்தாலும் தீங்கில்லை என்று கூறினார். ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஆண்டுக்கு முன்புதான் அதே நஞ்சால் ஓய்வெடுக்கச் சென்றவர் அவர். இந்த ஒரு காட்சிக்கு எந்தச் சமாதானமும் சொல்ல இயலாது.

நியூயார்க், ஃபிலடெல்ஃபியா நகரங்களும் நியூஜெர்சி மாநிலமும் ஈயப் பெட்ரோலைத் தடை செய்தன. 1925 மே மாதத்தில் விற்பனையை நிறுவனமே நிறுத்திவைத்தது. மே 20 அன்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி கூட்டிய மாநாட்டில் இரு தரப்பும் மோதின. தொழில்நோய் மருத்துவத்தின் முன்னோடியான ஆலிஸ் ஹாமில்ட்டனும், யேல் பல்கலைக்கழக உடலியங்கியல் அறிஞர் யாண்டல் ஹெண்டர்சனும் எதிர்த்துப் பேசினர். ஆலைத் தொழிலாளர்களைக் காப்பது மட்டும் போதாது, தெருவில் படியப்போகும் ஈயத்தூசி பொதுமக்கள் அனைவரையும் மெல்ல மெல்லப் பாதிக்கும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். நிறுவனத் தரப்பில் ஃபிராங்க் ஹோவர்டு இதைக் கடவுளின் கொடை போன்றது என்ற பொருள்படப் பேசினார்.

வல்லுநர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. 1926 ஜனவரியில், தடை செய்யப் போதிய காரணம் இல்லை என்று அது அறிக்கை தந்தது. சில மாத ஆய்வில் பல்லாண்டு பாதிப்பு தெரியாது என்பதை அக்குழு உணர்ந்தே இருந்தது. பயன்பாடு பெருகினால் நிலை மாறலாம், ஆய்வு தொடர வேண்டும் என்றும் எழுதிவைத்தது. விற்பனை மீண்டும் தொடங்கியது. பரிந்துரைத்த ஆய்வோ, பல பத்தாண்டுகளுக்குப் பெரும்பாலும் அந்தத் தொழில்துறையின் பணத்திலேயே, ராபர்ட் கெஹோ என்ற மருத்துவரின் தலைமையில் நடந்தது.

ஆக்டேன் எண்

1926இல் எத்தில் நிறுவனத்தின் கிரஹாம் எட்கர் தட்டலை அளக்க ஓர் அளவுகோலைத் தந்தார். ஐசோ ஆக்டேன் என்ற நீர்மம் தட்டலை நன்றாகத் தாங்கும், அதற்கு 100. ஹெப்டேன் உடனே தட்டும், அதற்கு 0. இரண்டையும் கலந்து, சோதிக்கப்படும் பெட்ரோலுக்கு ஒத்த கலவையில் ஐசோ ஆக்டேன் எத்தனை சதவீதம் என்று பார்த்தால் அதுவே அந்தப் பெட்ரோலின் ஆக்டேன் எண். இன்று பெட்ரோல் நிலையங்களில் காணும் 91, 95 ஆகிய எண்கள் இவ்வாறு வந்தவையே. எண் கூடினால் எரிபொருளின் ஆற்றல் கூடும் என்று பலர் நினைப்பது சரியன்று. தட்டாமல் தாங்கும் திறனே கூடுகிறது.

ஈயத்தின் உதவியால் எஞ்சின்களின் அழுத்த விகிதம் ஆண்டுதோறும் உயர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் போர் விமானங்கள் 100 ஆக்டேன் எரிபொருளில் பறந்தன. அதிலும் ஈயம் இருந்தது. மிட்ஜ்லிக்குப் பெரும் விருதுகள் குவிந்தன. குளிர்சாதனப் பெட்டிகளுக்கான குளோரோ புளோரோ கார்பன் வாயுவை உருவாக்கியதும் அவர் குழுவே. அது பின்னாளில் ஓசோன் படலத்தைச் சிதைத்தது. 1940இல் போலியோவால் முடங்கிய அவர், படுக்கையிலிருந்து எழுவதற்காகத் தாமே அமைத்துக்கொண்ட கயிறு கப்பி அமைப்பில் கழுத்து சிக்கி 1944 நவம்பர் 2 அன்று இறந்தார்.

பூமியின் வயதும் பெட்ரோலின் ஈயமும்

கோளாறை வெளிக்கொண்டு வந்தவர் கார்களோடு தொடர்பே இல்லாத ஒருவர். கிளேர் பேட்டர்சன் என்ற அமெரிக்கப் புவி வேதியியலாளர், பாறைகளிலும் விண்கற்களிலும் உள்ள ஈயத்தை அளந்து பூமியின் வயதைக் கணக்கிட முயன்றார். எவ்வளவு கவனமாக அளந்தாலும் எங்கிருந்தோ ஈயம் வந்து கலந்துகொண்டே இருந்தது. காற்றில், நீரில், தூசியில் எங்கும் ஈயம். மாசு புகாத ஆய்வறை ஒன்றை அமைத்த பின்னரே அவரால் பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டுகள் என்று 1956இல் வெளியிட முடிந்தது.

அந்த ஈயம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை அவர் விடவில்லை. 1965இல் வெளியிட்ட கட்டுரையில், மனித உடலில் உள்ள ஈயம் இயற்கையான அளவைவிடப் பன்மடங்கு என்று எழுதினார். எல்லாருடைய உடலிலும் இருப்பதால் அது இயல்பான அளவு என்று கெஹோ சொல்லிவந்தார். எங்கும் காணப்படுவது வேறு, இயற்கையானது வேறு என்பது பேட்டர்சனின் பதில். கிரீன்லாந்துப் பனியை அடுக்கடுக்காக வெட்டியெடுத்து ஆராய்ந்து, பழம்பனியில் மிகக் குறைவாக இருந்த ஈயம் தற்காலப் பனியில் பெருகியிருப்பதை அவர் குழு காட்டியது. 1979இல் ஹெர்பர்ட் நீடில்மன் என்ற மருத்துவர், குழந்தைகளின் விழுந்த பால்பற்களில் உள்ள ஈயத்தை அளந்து, ஈயம் மிகுந்த குழந்தைகள் அறிவுத்திறன் சோதனைகளிலும் வகுப்பில் கவனத்திலும் பின்தங்குவதை வெளியிட்டார். யாருக்கும் சித்தப்பிரமை பிடிக்கவில்லை. யாரும் மருத்துவமனைக்குப் போகவில்லை. ஆசிரியர் கண்ணுக்கு மட்டும் தெரியும் பாதிப்பு அது. அதையும் பையனுக்குப் படிப்பு ஏறவில்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

விலகல்

ஈயத்தை வெளியேற்ற உடனடி நெருக்கடி தந்ததும் ஓர் எஞ்சின் சிக்கலே. புகை மாசைக் குறைக்க அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுக் கார்களில் வினையூக்கி மாற்றிகள் பொருத்தப்பட்டன. ஈயம் அதன் பிளாட்டினப் பூச்சின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும். ஆகவே ஈயமற்ற பெட்ரோல் கட்டாயமாயிற்று. தவறிப்போய் யாரும் ஈயப் பெட்ரோலை ஊற்றிவிடாதபடி புதிய கார்களின் தொட்டி வாய் சிறிதாக்கப்பட்டது. அப்படியும் மலிவு விலைக்காகப் புனல் வைத்து ஊற்றியவர்கள் இருந்தனர். 1996இல் அமெரிக்கச் சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் முழுமையாகத் தடை செய்யப்பட்டது.

இந்தியாவில் 1995 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் அறிமுகமானது. வினையூக்கி மாற்றி பொருத்திய புதிய கார்களுக்காகவே அது வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படுகிறது. இலங்கையில் 2002இல் இம்மாற்றம் நிகழ்ந்தது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021 ஜூலையில் விற்பனையை நிறுத்தியது.

ஈயத்தின் இடத்தைச் சுத்திகரிப்பு முறைகளின் வளர்ச்சியும் பிற கலவைப் பொருள்களும் நிரப்பின. அவற்றுள் முக்கியமானது, 1921இல் மிட்ஜ்லி காரில் ஊற்றிக் காட்டிய அதே எத்தனால். இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் விற்பனைக்கு வந்தது.

தட்டலைக் கேட்டறியும் வேலையை 1970களின் பிற்பகுதியிலிருந்து எஞ்சினில் பொருத்தப்படும் ஓர் உணரியே செய்யத் தொடங்கியது. தட்டலின் அதிர்வை உணர்ந்தவுடன் அது கணினிக்குச் சொல்ல, கணினி பொறியைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது. ஃபோர்டு 'டி' மாதிரியின் இடப்பக்க நெம்புகோல் செய்த வேலைதான் இதுவும். இதனால் இன்றைய ஓட்டுநருக்கு ஓசை கேட்பதில்லை; ஆக்டேன் குறைந்த பெட்ரோல் ஊற்றினாலோ எஞ்சின் மிகையாகச் சூடேறினாலோ வண்டி இழுக்கவில்லை என்பது மட்டும் தெரியும். பிக்கப் குறைந்த வண்டியில் எரிபொருள் வடிகட்டி, காற்று வடிகட்டி, அடைபட்ட வினையூக்கி மாற்றி ஆகியவற்றோடு இந்த உணரியின் பதிவையும் பட்டறையில் பார்ப்பது இதனாலேயே.

சாலைகளிலிருந்து விலகிவிட்ட டெட்ரா எத்தில் ஈயம், பிஸ்டன் எஞ்சின் பொருத்திய சிறு விமானங்களின் 100 ஆக்டேன் எரிபொருளில் இன்னும் கலக்கப்படுகிறது. அதற்கு மாற்றான எரிபொருளைக் கொண்டுவரும் முயற்சிகள் நடந்துவருகின்றன.